செய்தியும் பருவமும்: ஆங்கில ஹைக்கூவில் சமூக அநீதி

பாரதியார் 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதுவதற்குத் தூண்டுதலாக அமைந்தது, கல்கத்தாவின் மாடர்ன் ரிவியூ இதழில் வெளிவந்த உயோநே நொகுச்சியின் எழுத்தாகும். நொகுச்சி ஆங்கிலத்திலேயே ஹொக்கு எழுதியவர். அவ்வடிவத்தை முயன்று பார்க்குமாறு 1904இல் அமெரிக்கக் கவிஞர்களை அழைத்தவர். இவ்வகையில் ஆங்கில ஹைக்கூவைத் தமிழ் ஹைக்கூவின் மூத்த உறவு எனலாம். இதே நொகுச்சி, சீனத்தின்மீது ஜப்பான் தொடுத்த போரை ஆதரித்து 1938இல் தாகூருக்கு எழுதினார் என்பதும், தாகூர் அதனைக் கடுமையாக மறுத்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. நிலவையும் பனியையும் பாடுவோர் உலகியல் வழக்குகளுக்கு அப்பாற்பட்டவர் என்னும் எண்ணத்தை இச்செய்தி ஒன்றே ஐயுறச் செய்யும்.

ஹைக்கூ பருவத்தைப் பாடும் வடிவம். அதில் நாட்டு நடப்பும் அநீதியும் புகுந்தால் அது முழக்கமாகிவிடும் என்பது அடிக்கடி எழுப்பப்படும் தடை. ஜப்பானிய வரலாறு இத்தடைக்கு இடந்தரவில்லை. பருவச்சொல்லைக் கைவிட்டுப் போரைப் பாடிய கியோத்தோ பல்கலைக்கழக ஹைக்கூ இதழைச் சார்ந்த கவிஞர்கள் 1940இல் அமைதிகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டனர். பதினேழு அசைகளுக்கு அரசு அஞ்சியது! ஆகவே, அநீதியைப் பாடலாமா என்பது வினாவன்று. பாடும்போது பருவத்தின் இடத்தில் எது வந்து நிற்கிறது என்பதே ஆராயத்தக்கது. ஆப்பிரிக்க அமெரிக்கக் கவிஞர் மூவரின் ஆக்கங்கள் இதற்கு மூன்று வேறு விடைகளைத் தருகின்றன.

மிசிசிப்பியில் பிறந்த ரிச்சர்ட் ரைட், நிறவெறியின் கொடுமையை 1940இல் வெளிவந்த 'நேட்டிவ் சன்' நாவலில் உரத்த குரலில் எழுதியவர். 1959இலும் 1960இலும் பிரான்சில் நோயுற்றிருந்தபோது ஏறத்தாழ 4,000 ஹைக்கூக்களை எழுதினார். அவற்றுள் 817 கவிதைகள் அவர் மறைந்து 38 ஆண்டுகள் கழித்து, 1998இல் நூலாயின. பருவமும் அசைக்கணக்கும் இவற்றில் பெரிதும் பேணப்பட்டுள்ளன. இதனால் ரைட் போராட்டத்தைக் கைவிட்டார் என்று முடிவு செய்வது எளிது; அம்முடிவு பொருந்தாது. தொகுப்பின் முதற் கவிதையில் பேசுவோன் பெயரிழந்தவனாக நிற்கிறான். பெயர் பறிபோனதற்கு இலையுதிர்கால மாலைக் கதிரவனே காரணமாகக் காட்டப்படுகிறது. முன்னோரின் பெயர்களை அடிமை முறைக்குப் பறிகொடுத்த ஓரினத்தின் கவிஞன் இதனை எழுதும்போது, அதனை மெய்யியல் நிலையிலான தன்னிழப்பாக மட்டும் கொள்ளுதல் இயலாது. பருவம் இங்கு இறைச்சிப் பொருளுக்கு இடமாகிறது.

எத்ரிஜ் நைட்டின் வழி வேறு. கொரியப் போரில் பணியாற்றியவர். 1960இல் கொள்ளைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்று இண்டியானா மாநிலச் சிறையில் இருந்தவர். கிவெண்டலின் புரூக்ஸின் ஊக்கத்துடன் அவருடைய முதல் நூல் 1968இல் வெளிவந்தது. அதிலுள்ள ஒன்பது ஹைக்கூக்கள் கொண்ட தொடரின் முதல் மூன்றில் மாலை, பின்னிரவு, காலை எனச் சிறுபொழுதுகளே வருகின்றன. பனியும் ஆகஸ்டு மாதமும் அதன்பின்னரே இடம்பெறுகின்றன. இவ்வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை. சிறைக்குள் இருப்பவனுக்கு முதலில் எட்டுவது பெரும்பொழுதன்று. அன்றன்றைய வெளிச்சமே ஆகும். முதற் கவிதையில் அந்திவெயில் காவற்கோபுரத்தின்மீது படுகிறது. கைதிகள் பாறைமேற் கிடக்கும் பல்லியினங்களுக்கு ஒப்பிடப்படுகின்றனர். நீதிபதி இல்லை; இனம் இல்லை; குற்றச்சாட்டு இல்லை. பாலைப் பாடல்களில் வெயிலில் வாடும் ஓந்தியைக் கண்டிருக்கும் தமிழ்ப் புலமையாளர்க்கு இக்கருப்பொருளின் ஆற்றலை விளக்க வேண்டியதில்லை. மூவருள்ளும் வடிவத்தின் எல்லையை நன்குணர்ந்தவர் நைட் எனலாம்; தனிக்கவிதையாக எடுத்தாலும் இது நிற்கிறது.

குறிப்பிட்ட நிகழ்ச்சி ஒன்றைப் பாடும்போதுதான் சிக்கல் கூர்மையடைகிறது. 1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினரைக் காண வந்த 14 வயதுச் சிறுவன் எம்மட் டில் வெள்ளையரால் கொல்லப்பட்டான். குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும் முற்றும் வெள்ளையரைக் கொண்ட நடுவர்குழு விடுவித்தது. சோனியா சாஞ்செஸின் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சிறுவனுக்கெனப் பதினான்கு ஹைக்கூக்கள் உள்ளன. எண்ணிக்கையே வயதாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது. பருவச்சொல் இங்கு முதன்மை பெறவில்லை. மிசிசிப்பி, சிகாகோ என்னும் இடப்பெயர்களே நிலமும் பொழுதுமாகி நிற்கின்றன. ஆயினும் சில கவிதைகளில் உருவகம் மிகுந்து, காட்சி மங்கிவிடுகிறது. அவற்றின் சுமையைத் தலைப்பிலுள்ள பெயரே தாங்குகிறது.

இதனைக் குறையென்று உடனே தள்ளிவிடல் ஆகாது. புறநானூற்றின் 112ஆம் பாடலில் பாரியின் பெயர் இல்லை. மூவேந்தர் பெயரும் இல்லை. இரண்டு நிலாக்காலங்களும், தந்தையும், குன்றும் மட்டுமே உள்ளன. வேந்தர்க்கு வரும் வெற்றி அடையைப் பழைய உரை இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்கிறது. அக்குறிப்பு புலனாவதற்குக் கொளு தரும் செய்தி வேண்டும். ஆனால் கொளுவை அறியாதவனுக்கும் அந்நிலா இழப்பைச் சொல்லிவிடும். சாஞ்செஸின் சிறந்த கவிதைகள் இத்தரத்தை நெருங்குகின்றன. ஏனையவை தலைப்பின்றி நில்லா.

டில் பெயரால் அமைந்த கும்பற்கொலைத் தடுப்புச் சட்டம் அமெரிக்காவில் 2022இல்தான் கையொப்பமாயிற்று. அதற்கு 12 ஆண்டுகள் முன்பே அப்பெயர் ஹைக்கூவின் தலைப்பில் ஏறியிருந்தது. இத்தொடரிலிருந்து ஒரு கவிதையை மட்டும் பிரித்து, காணிக்கை வரியை நீக்கிப் பதிப்பிப்பதோ மொழிபெயர்ப்பதோ புறப்பாடலைக் கொளுவின்றி அச்சிடுவதற்கு ஒப்பாகும். ஹைக்கூவுக்குத் தலைப்பு வேண்டுவதில்லை என்னும் பொதுவிதியை இங்கு மொழிபெயர்ப்பாளர் பின்பற்றினால், மூன்றடிகள் எஞ்சும், சிறுவன் எஞ்சான்.