வேஷம் என்று சொன்னால் மாயம் கலையுமா?

தீம் பார்க் போகுமுன் "வருவது நிஜ மிக்கி இல்லை, வேஷம் போட்ட ஆள்" என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? சொன்னால் மாயம் கலைஞ்சிடும் என்பது டிஸ்னியின் கட்சி. 1955-இல் டிஸ்னிலாந்தைத் திறந்த கம்பெனி, முகமூடிக்குள் இருப்பவரை இன்றும் மறைத்தே வைக்கிறது.

எங்க கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துத் தெருக்கூத்து இதை மறுக்கிறது. அரிதாரம் பூசுவதைப் பிள்ளைகள் கிட்டவே உட்கார்ந்து பார்க்கும். பிறகு இரண்டு பேர் திரை பிடிக்க, கட்டியக்காரன் கேள்வி கேட்டு துரியோதனனை அறிமுகப்படுத்துவான். தெரிஞ்ச ஆள்தான், ஆனாலும் பயம் வரும். சென்னை வி.ஜி.பி. சிலை மனிதரும் உயிருள்ள ஆள் என்று தெரிந்ததால்தானே சிரிக்க வைக்கப் பார்க்கிறோம்!

பிள்ளை முகம் வாடுவது வேறு இடத்தில்: நீண்ட வரிசை, ஒரே ஒரு போட்டோ, முகமூடிக்காரர் பெரும்பாலும் பேசவும் மாட்டார். இதைத்தான் முன்கூட்டியே சொல்லணும். கட்டியக்காரன் வேலையை வீட்டிலேயே நாம் செய்துவிட்டால் போதும்.