பழைய ரிவால்வரும் அதற்கேற்ற தோட்டாவும்

திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டிய ஒரு நண்பர் இல்லத்தில், பாட்டனார் காலத்து வெப்லி ஆறாம் மார்க் ரிவால்வர் ஒன்று, கலெக்டர் அலுவலகத்து லைசென்ஸோடும், தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்படும் சம்பிரதாயத்தோடும் கௌரவமாக வாழ்ந்து வருகிறது. 1915-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த வர்க்கத்துக்கு விதித்த ஆகாரம் .455 தோட்டா, சுமார் 17 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை, நொடிக்கு 600 அடியைச் சற்றே தாண்டிய நிதான வேகத்தில் செலுத்துவது. கனமும் நிதானமும் கலந்த அந்தக் குணத்தில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

அத்தோட்டா அருகிப்போன பின்னர், அமெரிக்காவுக்கு உபரியாகச் சென்ற வெப்லிகள் பலவற்றின் சுழல் உருளையைப் பின்புறம் சீவி, .45 ஏ.சி.பி. தோட்டா நுழையும்படி செய்துவிட்டார்கள்; ஆனால் அதன் முழு அழுத்தமோ, அந்த உருளை தாங்குமென்று பரீட்சித்த அளவையே மிஞ்சிவிடக்கூடியது. ஆகையால் தோட்டா தேடுகிறவர் முதலில் ஆராய வேண்டியது, கடைக்காரர் நீட்டும் பெட்டியை அன்று, உலோகத்தில் பொறித்த முத்திரையையும் உருளையின் பின்முகத்தையுமே. பித்தளை உறையில் களிம்பு படிந்ததும் கீறல் கண்டதும், எத்துணை அபூர்வமான பழஞ்சரக்காயினும் விலக்கத்தக்கவை. பெயரளவில் சகோதரர்களான .38 ஸ்பெஷலும் .38/200-உம்கூட ஒன்றல்ல, முன்னது மெலிந்து நீண்டது, பின்னது குறுகிப் பருத்தது.

நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் .32 தோட்டாவோ, இந்த வெப்லியின் அகன்ற அறையில் நிற்கவே நிற்காது. நண்பர் அந்த ரிவால்வரை எண்ணெய் பூசி, வெறுமையாகவே வைத்திருக்கிறார். என் அபிப்பிராயத்தில் அதுவே உத்தமமான தேர்வு.