ஆடாதோடையில் டேவிட் ஹூப்பர் தேடியது என்ன?

ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தங்கச்சி திண்டிவனம் வந்த வாரமே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா கொல்லை வேலியில் நிற்கும் ஆடாதோடையில் நாலு இலை பறித்து, மிளகு தட்டிப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு எனக்கு போன் செய்தார். "மெடிக்கல்ல விக்கிற இருமல் மருந்தே இந்த இலையிலதான் செய்யிறானாமே? வாட்ஸ்அப்ல வந்துது. இவளுக்குக் குடுக்கலாம்ல?"

விழுப்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். 'குடுக்கலாம்மா' என்று வாய் வரை வந்துவிட்டது. எங்கேயோ படித்த ஒரு வரி தடுத்தது. "இன்னைக்கு மட்டும் வேணாம், பாத்துட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரி ஆரம்பித்த வாசிப்பு மூன்று வாரம் ஓடியது. அதன் குறிப்புதான் இது.

கதை ஊட்டியில் தொடங்குகிறது. டேவிட் ஹூப்பர் அங்கே அரசாங்கத்தின் 'குயினாலஜிஸ்ட்'. நீலகிரி சிங்கோனா தோட்டத்துப் பட்டையில் எவ்வளவு குயினைன் இருக்கிறது என்று அளந்து சொல்வது வேலை. இப்படி ஒரு உத்தியோகம் இருந்தது என்பதே எனக்குப் புதுசு. மிச்ச நேரத்தில் மனுஷன் மதராஸ் மாகாணத்துச் செடிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்திருக்கிறார். 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து ஒரு ஆல்கலாய்டைப் பிரித்து 'வாசிசின்' என்று பெயர் வைத்தார். பிறகு டைமாக், வார்டன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய 'பார்மகோகிராஃபியா இண்டிகா' 1890 முதல் 1893 வரை வெளிவந்தது. இந்திய மருந்துச் செடிகளைப் பற்றி எழுதுபவர்கள் இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஆடு தொடாத செடி என்று நாம் விளக்கம் சொல்லும் பெயரை லின்னேயஸ் 1753இலேயே 'ஜஸ்டிசியா அதாதோடா' என்று லத்தீனில் ஏற்றிவிட்டார். உள்ளே இருந்த மூலக்கூறுக்கோ 'வாசகா' என்ற சம்ஸ்கிருதப் பெயரின் வழியில் பெயர் அமைந்தது. செடி தமிழ், சரக்கு சம்ஸ்கிருதம்!

ஹூப்பரின் வேதியியலில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் பிரித்தது நிஜமான பொருள். அதன் அமைப்பைக் கண்டுபிடிக்கத்தான் அரை நூற்றாண்டு ஆனது. 1932இல் கோஷும் சகாக்களும் இந்தியாவிலிருந்து ஒரு அமைப்பை முன்வைத்தார்கள். வியன்னாவில் ஸ்பேத்தின் குழு, வேறொரு செடியில் கிடைத்த பெகனினும் இதுவும் ஒன்றே என்று காட்டியது. ஹைட்ராக்ஸில் எந்தக் கார்பனில் உட்கார்ந்திருக்கிறது என்பது 1930களின் நடுவில்தான் முடிவுக்கு வந்தது. நல்ல, பொறுமையான வேலை.

என் விமர்சனம் அவர் கேட்ட கேள்வியின் மேல். குயினைன்காரர் எதைப் பார்த்தாலும் குயினைன் மாதிரியே பார்க்கிறார். பட்டையில் ஒரு மூலக்கூறு, அது மலேரியாக் கிருமியைக் கொல்கிறது, காய்ச்சல் இறங்குகிறது. சிங்கோனாவுக்கு அந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனால் இருமல் ஒரே நோய் கிடையாது. சளிக்கும் இருமல் வரும், ஆஸ்துமாவுக்கும் வரும், காசநோய்க்கும் வரும், நெஞ்செரிச்சலுக்கும் வரும். 'இலையில் என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு அருமையான பதில் வந்தது. 'இந்தக் கஷாயம் எந்த இருமலுக்கு, யாருக்கு, எவ்வளவு' என்ற கேள்வி அப்படியே வேலியில் நின்றுவிட்டது. ஹூப்பர் கையில் இருந்த கருவிகளுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் வந்த நூறு வருஷத்தைச் சொல்லலாம்.

அந்த நூறு வருஷத்தில் நுரையீரல் பக்கம் என்ன நடந்தது? 1925இல் கல்கத்தாவில் சோப்ராவும் கோஷும் மருந்தியல் சோதனைகள் செய்தார்கள். 1959இல் அமினும் மேத்தாவும் 'நேச்சர்' இதழில் வாசிசினோன் என்ற இன்னொரு ஆல்கலாய்டு மூச்சுக்குழாயை விரிக்கிறது என்று எழுதினார்கள். வாசிசின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் கிடைப்பதுதான் வாசிசினோன். அப்புறம் வந்த அறிக்கைகளைப் படித்தால் தலை சுற்றும். வெட்டியெடுத்த தசையில் விரிகிறது, உயிருள்ள பிராணியில் சுருங்குகிறது. இரண்டு ஆல்கலாய்டும் சேர்ந்தால் வேறு மாதிரி. இலையில் எது எவ்வளவு இருக்கும் என்பதும் மண்ணையும் பருவத்தையும் காயவைக்கும் விதத்தையும் பொறுத்தது. அப்படியென்றால் அம்மாவின் நாலு இலைக்கு டோஸ் என்ன? எந்தக் கட்டுரையிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் ஒன்று 2015இல் வந்தது. இருமலோடு வந்தவர்களை மூன்றாகப் பிரித்து ஆடாதோடைக் கலவை, புரோம்ஹெக்சின், வெறும் சிரப் என்று கொடுத்துப் பார்த்தார்கள். கலவை வெறும் சிரப்பை விட நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதில் ஆடாதோடையோடு எக்கினேசியாவும் சைபீரிய ஜின்செங்கும் இருந்தன. யார் அடித்த கோல் என்று எப்படிச் சொல்வது?

இப்போது வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் 1963இல் சந்தைக்குக் கொண்டுவந்த புரோம்ஹெக்சினுக்கு வாசிசின்தான் மாதிரி, உண்மை. ஆனால் புரோம்ஹெக்சின் இலையில் இல்லை. வாசிசினின் மூன்று வளையங்களில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதில் இரண்டு புரோமின் அணுக்களைச் சேர்த்து, இன்னொரு பக்கம் புது வளையம் ஒட்டிய ஆலைப்பொருள் அது. நம் உடம்பு அதை மாற்றும்போது உண்டாவது ஆம்ப்ராக்சால். 1970களின் இறுதியிலிருந்து தனி மருந்தாகவே விற்கிறார்கள். 'நம்ம இலையைத் திருடிட்டான்' என்பதும் தப்பு, 'நம்ம இலையும் அதுவும் ஒண்ணு' என்பதும் தப்பு. இரண்டாவது தப்புதான் ஆபத்தானது.

ஆம்ப்ராக்சாலின் பிற்காலம் ஒரு நாவல். 2009இல் டொராண்டோ குழு ஒன்று, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 1,040 மருந்துகளைச் சலித்து, கோஷே நோயில் சரியாக மடியாமல் போகும் ஒரு நொதியைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தைத் தேடியது. கிடைத்தது நம் சளி மருந்து. அதே நொதிக்கான ஜீனில் வரும் பிழை பார்க்கின்சனுக்கும் வழிவிடுவதால் லண்டனில் 17 பேரிடம் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மூளைத் தண்டுவட நீர் வரை போய்ச் சேர்கிறது என்று தெரிந்தது. கனடாவில் பார்க்கின்சனோடு மறதியும் வந்த 55 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2025இல் வந்தது. ஞாபக சக்தியில் முன்னேற்றம் காட்டவில்லை. பெரிய சோதனை பிரிட்டனில் நடக்கிறது. இலையை விட்டு விலக விலக ஆராய்ச்சி எவ்வளவு கறாராகிறது பாருங்கள்! 1,040 மருந்தைச் சலிக்க ஆள் இருக்கிறது, அரசு சித்தா பிரிவில் வாங்கும் ஆடாதோடை மணப்பாகை ஒழுங்காகச் சோதிக்கத்தான் ஆள் வரவில்லை.

நம் பக்கம் புரோம்ஹெக்சினை என்ன பாடுபடுத்தினோம் என்பது தனிக்கதை. எதோடெல்லாமோ கலந்து விற்றோம். 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 14 கூட்டு மருந்துகளில் அமாக்சிசிலின்-புரோம்ஹெக்சினும் சால்பியூட்டமால்-புரோம்ஹெக்சினும் உண்டு. அந்தக் கலவைகளுக்கு மருத்துவ நியாயம் இல்லை என்பதே காரணம்.

காசநோய் பற்றியும் ஒரு வார்த்தை. புரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும் காசக் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக் குழாயில் தடுத்தன என்று 1996இல் ஒரு கட்டுரை வந்தது. அதை வைத்து 'ஆடாதோடை டிபியைக் குணப்படுத்தும்' என்று எழுதுபவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் பார்ப்பார்கள்.

சரி, போனில் என்னைத் தடுத்த அந்த வரி? ஜம்மு ஆய்வகத்தில் சி. கே. அடால் 1980இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இருக்கிறது: வாசிசின், கருப்பையைச் சுருக்கும் மருந்து, கருக்கலைப்பு மருந்து. ஆக்ஸிடாசினோடு ஒப்பிடும் அளவுக்குக் கருப்பைத் தசையைச் சுருக்கியது என்கிறார்கள். மறுபக்கம், 1997இல் எலிகளுக்கு ஆடாதோடைச் சாறு கொடுத்துப் பார்த்தவர்கள் கரு கலையவில்லை என்றார்கள். பிரித்தெடுத்த மூலக்கூறு வேறு, சாறு வேறு. எலி வேறு, மனுஷி வேறு. ஏழு மாதக் கர்ப்பிணி நாலு இலைக் கஷாயம் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல இந்த இரண்டுமே போதாது. ஆனால் பிரசவம் சுலபமாக இதே செடியைப் பயன்படுத்தும் வழக்கம் நாட்டு மருத்துவத்திலேயே பதிவாகியிருக்கிறது. அப்படியென்றால் நம் ஆட்களுக்கும் இது தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "நாங்கல்லாம் குடிக்கலையா? நீங்கல்லாம் பொறக்கலையா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எங்க ஆயா மாசமா இருக்கறவங்களுக்கு மட்டும் இதக் குடுக்காது. ஏன்னு நான் கேட்டதில்ல" என்றார்.

தங்கச்சியை டாக்டரிடம் கூட்டிப்போனோம். வெந்நீர் ஆவி, தேன், ஒரு வாரம். அம்மா போட்டுவைத்த கஷாயத்தை நான்தான் குடித்தேன். எனக்கு இருமல் இல்லை. கசப்பு மட்டும் ராத்திரி வரைக்கும் நாக்கில் இருந்தது.