இருட்டுக்குப் பொறுப்பாளி யார்?

கொலை, சூது, சிறுமிக்கு இழைக்கப்படும் கொடுமை ஆகியவற்றைத் திரையில் ஏன் காட்ட வேண்டும் என்று கேட்போர் உளர். நாட்டில் நடக்கும் இழிவு போதாதா, காசு கொடுத்து வேறு காண வேண்டுமா என்பது அவர்தம் வாதம். நாம் கேட்பது வேறு. இருட்டைக் காட்டுகிற படைப்பாளி, அதற்குப் பொறுப்பாளி யாரென்றும் காட்டுகிறாரா? அல்லது பேய் என்றும், விதி என்றும், பூர்வஜென்ம வினை என்றும் பழியைத் தள்ளிவிட்டுத் தப்புகிறாரா? இந்த உரைகல்லில் புஷ்கர் – காயத்ரி இணையரின் படைப்புகளை உரைத்துப் பார்ப்போம்.

கணவனும் மனைவியுமான இவர்கள் எழுத்தையும் இயக்கத்தையும் இரு பெயராலேயே செய்து வருகின்றனர். கணவன் பெயர் மேடையேற, மனைவியின் உழைப்பு அடுக்களையோடு மறைந்துபோகும் நாடு இது. இங்கே இரு பெயரும் சரிநிகராக நிற்பதே மகிழத்தக்க செய்தி. 2007-இல் ‘ஓரம் போ’, 2010-இல் ‘வ குவாட்டர் கட்டிங்’ என்று சிரிப்பில் தொடங்கியவர்கள், 2017-இல் ‘விக்ரம் வேதா’வில் இருட்டுக்குள் இறங்கினர்.

வேதாளக் கதையை எடுத்துக்கொண்டனர், வேதாளத்தை விட்டுவிட்டனர். மரத்தில் தொங்கும் பிணத்துக்குப் பதில் ஒரு தாதா. வாளேந்திய மன்னனுக்குப் பதில், என்கவுண்டர் என்ற பெயரில் சுட்டுத்தள்ளும் காவல் அதிகாரி. தான் நல்லவன், சுடப்பட்டவன் கெட்டவன், நடுவே கோடு தெளிவாக உள்ளது என்று நம்புகிறவன் அந்த அதிகாரி. தாதாவோ கதை சொல்கிறான். கதையின் முடிவில் கேள்வி கேட்கிறான். கேள்வி வளர வளரக் கோடு அழிகிறது. நீதிமன்றத்தின் வேலையைத் துப்பாக்கி செய்தால், சுட்டவனுக்கே உண்மை தெரியாமற் போகும் என்பதைப் படம் மெய்ப்பிக்கிறது. என்கவுண்டர் செய்தி கேட்டுக் கைதட்டும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதனினும் ஆழமானது 2022-இல் வெளிவந்த ‘சுழல்’. இவ்விணையர் எழுதி உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய இணையத் தொடர். சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில் சிமெண்டுத் தொழிற்சாலை எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா! சாயம் பூசிய முகங்கள், காளி வேடங்கள், சுடுகாட்டு ஆவேசம்.

அந்த வேடங்களைக் கண்டு நடுங்குவோர் இருக்கலாம். தம்மம்பட்டிக்காரரான நமக்கு அந்த நடுக்கம் வாராது. மரக்கட்டை உளிபட்டு முகமாகி, கண் பெற்றுக் கடவுளாகி, விலைக்குப் போவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அச்சமூட்டும் முகத்துக்குப் பின்னால் ஒரு மனிதக் கை உண்டு என்பது நம் ஊர்ப் பாடம். தொடர் சொல்வதும் அதுவே. ஊரார் கண்ணெல்லாம் காளி வேடத்தின்மீது இருக்க, குற்றவாளி வேடமின்றி நடமாடுகிறான். நிலாவையும், அதற்கு முன் அவள் அக்காள் நந்தினியையும் சீரழித்தவன் யார்? சண்முகத்தின் உடன்பிறந்தவன்!

நம்மைச் சுடும் செய்தி இங்கேதான் இருக்கிறது. சண்முகம் நாத்திகர், முதலாளியை எதிர்த்து நிற்பவர், மனைவியின் பக்தியோடு முரண்பட்டவர். கோயிலைக் கேள்வி கேட்டவர், தம் வீட்டுக் கூடத்தைக் கேள்வி கேட்கவில்லை. பகுத்தறிவாளரை இழித்துக் காட்டவே இப்படிப் படைத்தனர் என்று தோழர்கள் சினக்கலாம். நாம் சினக்கவில்லை. கல்லை நம்பாதே என்று கற்றோம். இரத்த உறவு என்பதற்காகவே ஒருவனை நம்பாதே என்று கற்றோமா? குழந்தைகளைக் காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, அச்சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி, குழந்தைக்கு முன்பே தெரிந்தவன். உறவினன், அண்டை வீட்டான், குடும்ப நண்பன் என்று அன்பின் வாயிலாக நுழைபவன்.

குறையும் உண்டு. நந்தினி அவனைக் கொன்றுவிடுகிறாள். திருவிழாவின் ஆவேசத்துக்கிடையே வரும் அம்முடிவு, பார்ப்பவர் நெஞ்சைக் குளிர்விக்கும். ஆனால் சிந்தனையை நிறுத்திவிடும். ‘விக்ரம் வேதா’வில் கொலையைக் கூண்டிலேற்றி விசாரித்தவர்கள், இங்கே கொலையையே தீர்ப்பாக்கியது ஏன்? 2025-இல் வந்த இரண்டாம் பருவம் அவளைச் சிறையில் காட்டுகிறது என்பது உண்மை. ஆயினும் ஒருவன் செத்ததால் ஊரின் மௌனம் சாகவில்லை. அவனைக் காத்தது அந்த மௌனமன்றோ?

தோழர்களே! இத்தொடரைப் பாருங்கள், மன்றங்களில் வாதிடுங்கள். பிறகு வீட்டுக்குப் போங்கள். ஒரு சிறுமி ஏதோ சொல்ல வாயெடுத்தால், “பெரியவரைப் பற்றி அப்படிப் பேசாதே” என்று அடக்காமல் அவள் முடிக்கும்வரை கேளுங்கள். 1098 என்னும் உதவி எண்ணை அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஏன் என்று கேட்கும் உரிமையை மேடையில் முழங்கும் நாம், அதை முதலில் தரவேண்டியது அவளுக்கே.