கல்லமேட்டு எலும்பும் கண்டுபிடிப்பின் ஏடும்

கொங்கு நாட்டுப் பாறைகளில் டைனோசர் எலும்பு கிடைக்காது. கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளின் தரைக்கடியில் உள்ள நைஸ், சார்னோக்கைட் முதலிய கடும்பாறைகளில் பெரும்பகுதி 250 கோடி ஆண்டுகளை ஒட்டிய பழைமை உடையது. டைனோசர்களோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை, பறவைகளாக மாறிய கிளை நீங்கலாக, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தவை. மேலும், புவியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறையில் உயிரின் சுவடு தங்குவது மிக அரிது. மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டப்பட்ட சுண்ணாம்புக்கல் அவ்வாறு படிகமாகிப்போன கல். அதே சிமெண்டுக்காக அரியலூரில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லிலோ சிப்பிகளும், கணவாய்க்கு உறவான அற்றுப்போன கடலுயிராகிய அம்மோனைட்டின் சுருள் ஓடுகளும் செறிந்து கிடக்கின்றன. ஆகவே கொங்கு நாட்டுக் குழந்தை டைனோசரைத் தேடிப் போகவேண்டிய முதல் இடம் புத்தகம். காவிரி போகும் திசையிலேயே கிழக்கே சென்று, திருச்சியைக் கடந்து அரியலூரை அடைவது அதற்கு அடுத்த படி.

எந்தப் புத்தகம் என்பதில்தான் ரசனை தொடங்குகிறது. கோவை கொடிசியா வளாகத்திலும் ஈரோட்டிலும் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில், விலங்குகளை வரிசையாக நிறுத்தி நீளமும் எடையும் பல்லின் கூர்மையும் சொல்லும் வண்ணப்பட நூல்களைப் பெற்றோர் எளிதில் காணலாம். அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. வியப்பை ஊட்டுவதும் ஒரு தொண்டே. ஆனால் அந்த நீளம் எவ்வாறு அறியப்பட்டது, எந்த மண்ணில் எந்த எலும்பைக் கண்டு ஒருவர் அவ்வாறு சொன்னார், பின்னால் வந்தவர் அதை ஏன் மறுத்தார் என்று கண்டுபிடிப்பின் வழியையே கதையாக்கும் நூல்களே இத்துறையின் உயர்ந்த இலக்கியம். அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வின் கோல்பெர்ட் 1968-இல் வெளியிட்ட ‘மென் அண்ட் டைனோசர்ஸ்’ அவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. தலைப்பிலேயே மனிதரை முன்னும் விலங்கைப் பின்னும் வைத்த நூல் அது.

இவ்வகை நூல்கள் பழையவையாகிப் போகும் விதமும் சுவைக்கத்தக்கது. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கோபி பாலைவனப் பயணங்களுக்குத் தலைமை தாங்கிய ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ், 1953-இல் குழந்தைகளுக்காக ‘ஆல் அபௌட் டைனோசர்ஸ்’ என்ற நூலை எழுதினார். 1923-இல் அவருடைய குழுவினர் மங்கோலியாவில் கண்ட முட்டைகள் புரோட்டோசெரடாப்ஸ் என்னும் கொம்புமுக இனத்துக்கு உரியவை என்றும், அவற்றின் அருகே எலும்பாகக் கிடந்த சிறு விலங்கு முட்டையைத் திருட வந்தது என்றும் அக்காலத்தார் நம்பினர். அவ்விலங்குக்கு ‘முட்டை திருடி’ என்ற பொருளில் ஓவிராப்டர் என்ற பெயரும் 1924-இல் சூட்டப்பட்டது. 1993-இல் அதே பாலைவனத்தில் அதே வகை முட்டை ஒன்றினுள் கருவின் எலும்புகள் கிடைத்தன. அந்தக் கரு ஓவிராப்டரின் இனத்தையே சேர்ந்தது. திருடியெனப் பெயர்பெற்ற விலங்கு தன் இனத்தின் முட்டைகளுக்கு அருகில் கிடந்த தாயாகவோ தந்தையாகவோ இருந்திருக்கலாம். பழைய கருத்தைச் சொல்லும் நூலையும் புதிய கருத்தைச் சொல்லும் நூலையும் அடுத்தடுத்துப் படிக்கும் பத்து வயதுக் குழந்தை, அறிவியல் எவ்வாறு நடக்கிறது என்பதை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் கற்றுக்கொள்ளும்.

இந்தியக் கண்டுபிடிப்புகளின் வரலாறு 1828-இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரி ஸ்லீமன் எலும்புகளைக் கண்டெடுத்ததிலிருந்து தொடங்குகிறது. ‘டைனோசர்’ என்ற வகைப் பெயரையே ரிச்சர்ட் ஓவன் 1842-இல்தான் உருவாக்கினார் என்பதை நினைத்தால் அதன் தொன்மை விளங்கும். இந்த வரலாற்றைப் பொதுவாசகருக்குச் சொன்னவர்களில் அசோக் சாஹ்னி குறிப்பிடத்தக்கவர்; குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்த எலும்புகளுக்கு 2003-இல் ராஜசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயரிட்ட குழுவில் ஒருவராகிய அவரே நேஷனல் புக் டிரஸ்டுக்காக ‘டைனோசர்ஸ் ஆஃப் இந்தியா’ என்ற சிறு நூலையும் எழுதினார். களத்தில் நின்றவரே எழுதும்போது, அறிந்ததற்கும் ஊகித்ததற்கும் இடையிலான எல்லையை அவரால் தயங்காமல் காட்ட முடிகிறது. பிரணய் லாலின் ‘இண்டிகா’ (2016) நிலப்பரப்பின் முழு ஆழ்காலத்தையும் அளாவும் பெருநூல். ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளுக்கு வைஷாலி ஷ்ராஃபின் ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பத்மா அண்ட் எ ப்ளூ டைனோசர்’ (2018), ஒரு சிறுமியின் கதை வழியாக இந்திய டைனோசர்களை அறிமுகப்படுத்துகிறது.

எல்லையைக் காட்டுதல் என்பதற்கு பாரபாசாரஸ் நல்ல சான்று. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் இத்தாவர உண்ணியின் உடல் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. மண்டையோடு மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே எந்தப் படத்திலும் அதன் முகம் ஓவியரின் ஊகமே. கிடைத்த எலும்புகளை ஒரு நிறத்திலும் ஊகித்தவற்றை வேறு நிறத்திலும் தீட்டிக் காட்டும் பக்கம் எந்த நூலில் இருக்கிறதோ, அந்த நூல் குழந்தையை மதிக்கிறது.

இவற்றையெல்லாம் விட நெருக்கமான கதை அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் இருக்கிறது. கிரெட்டேஷியஸ் என்னும் காலத்தில் கடல் பலமுறை ஏறி இறங்கிய இப்பகுதியின் பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் வெளியிட்ட ஆய்வு முதன்முதலில் விரிவாக வகைப்படுத்தியது; 1929-இல் சார்லஸ் மேட்லி இப்பகுதியின் டைனோசர்களைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1979-இல், இப்பகுதியில் கிடைத்த எலும்புகளை முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசர் இனத்தவையாகக் கருதித் திராவிடோசாரஸ் என்ற பெயரை வழங்கினர். 1996-இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் அது நீண்ட கழுத்துடைய கடல் ஊர்வனவாகிய பிளீசியோசரின் தேய்ந்த எலும்பு என வாதிட்டனர். வாதம் அதனுடன் முடிந்துவிடவில்லை.

யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் கல்லமேட்டிலிருந்து விவரித்த புருகத்காயோசாரஸ் மேட்லேயி இன்னும் வியப்புக்குரியது. ‘பேருடல் கொண்ட பல்லி’ என்பது பெயரின் பொருள், மேட்லேயி என்பது மேட்லியின் நினைவு. அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று விவரிக்கப்பட்ட இவ்விலங்கை, நீள்கழுத்துத் தாவர உண்ணியாகிய சாரோபாட் இனத்தின் பேருரு என்றே பின்வந்த ஆய்வாளர்கள் கொண்டனர். 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு அதன் எடையை 100 டன்னுக்கும் மேலாகக் கணித்து, நிலத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளின் வரிசையில் வைத்தது. ஆயினும் அந்த எலும்புகள் இன்று இல்லை. நொறுங்கும் தன்மையுடைய அவை சிதைந்து அழிந்துவிட்டன என்று 2017-இல் வெளியான கட்டுரை பதிவு செய்தது. எஞ்சியவை வரைபடங்களும் அளவுகளும் சில ஒளிப்படங்களுமே. எனவே 100 டன் என்ற எண், மீண்டும் அளந்து பார்க்க முடியாத எலும்பின்மேல் நிற்கிறது. அதே கல்லமேட்டு மண்ணில் கிடைத்த ஒரு சிறு பல், ட்ரூடோண்டிட் என்னும் பறவையை ஒத்த சிறு ஊனுண்ணி இனத்துக்கு உரியது என்று 2013-இல் அஞ்சலி கோஸ்வாமியும் உடனாய்வாளர்களும் அறிவித்தனர். வடகண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த அவ்வினம் தென்னிந்தியாவிலும் வாழ்ந்தது என்று கூற அந்த ஒரு பல் ஆதாரமாயிற்று. யானையையும் சிறிதாக்கும் பேருரு கைநழுவிப் போக, ஒரு பல் ஆய்வுக்குக் கிடைத்திருக்கிறது. புதைபடிவம் எடுப்பதிலும் காப்பதிலும் உள்ள கலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

கண்டுபிடிப்பின் கதையைச் சொல்லும் நூல்கள் பரவாத இடத்தில் என்ன நேரும் என்பதையும் அந்த மண்ணே காட்டிற்று. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டும்போது வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் விரைந்து பரவின. அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகி உருவான உருண்டைகள் என்று வல்லுநர் விளக்க நேர்ந்தது. முட்டை என்று சொல்ல உருண்டை வடிவம் போதாது, உருப்பெருக்கியின் கீழ் ஓட்டின் நுண்ணமைப்பு தெரிய வேண்டும் என்ற ஒரு செய்தியை முன்பே படித்திருந்தால் மக்களே அக்கேள்வியைக் கேட்டிருப்பர். குஜராத்தின் தோலி டுங்ரியில் தனஞ்சய் மொஹபே கண்டெடுத்த கூட்டில் முட்டைகளோடு கிடந்த எலும்புகள் முதலில் டைனோசர் குஞ்சினுடையவை என்றே கருதப்பட்டன. அவற்றுள் பாம்பின் எலும்புகளும் இருப்பதை 2001-இல் ஜெஃப்ரி வில்சன் கண்டுகொள்ள, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளமுள்ள அப்பாம்புக்கு 2010-இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிடப்பட்டது. ஒரே கல், இரு வேறு பார்வைகள், இடையில் பல ஆண்டுகள்: குழந்தைக்குச் சொல்ல இதைவிடச் சிறந்த துப்பறியும் கதை எது?

தமிழில் இத்தகைய கதையைச் சொல்ல மொழிவளம் போதுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. ஈரோட்டு மண்ணில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையத்தில் ஆசிரியப் பணியாற்றிய பெ. தூரன், பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும், அதன் பின் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பதிப்பித்து, அறிவியலைக் குழந்தைக்கு உரிய தமிழில் எழுத முடியும் என்று காட்டிவிட்டார். கல்லமேட்டின் இழந்த எலும்பையும், எஞ்சிய பல்லையும், திராவிடோசாரஸின் தீராத வாதத்தையும், குன்னத்து உருண்டைகளையும் ஒரே நூலில் வைத்து, கிடைத்த எலும்புகளை நிறம் பிரித்துக் காட்டும் படங்களோடு பத்து வயதுக் குழந்தைக்காக எழுத வல்லவர்கள் கோவைப் பதிப்பாளர்களோடும் அரியலூர்ப் புவியியலாளர்களோடும் சேர்ந்து அந்தப் பணியை மேற்கொள்ள வேண்டும். அதுவரை, குழந்தைக்கு டைனோசர் நூல் வாங்கும் பெற்றோர் படங்களைப் பார்ப்பதற்கு முன், அந்த விலங்கு எங்கே, யாரால், எந்த எலும்பிலிருந்து அறியப்பட்டது என்ற செய்தி அந்த நூலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார்களாக.