நாற்பத்தெட்டுப் பிடாரர்களும் நம் பள்ளித் திருமுறைக் குழுவும்

ஆசிரியர் நண்பர்களே, திருமுறை விழா மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் வரி ஒன்று உண்டு: தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரம் பாட ராஜராஜ சோழன் 48 பேரை அமர்த்தினான். சொன்னதும் கைதட்டல் கிடைக்கும். பேச்சும் அத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். நானும் பல வருஷம் அப்படித்தான் பேசினேன். அந்தக் கல்வெட்டை முழுதாக வாசித்த பிறகுதான் தெரிந்தது, 48 என்ற எண்ணைவிட நமக்கு வேண்டிய செய்தி அதற்குள்ளே இருக்கிறது என்று.

முதலில் ஒரு திருத்தம். கோயிலில் பதிகம் பாடும் வழக்கத்தை ராஜராஜன் தொடங்கி வைக்கவில்லை. பல்லவர் காலக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர் பற்றிய குறிப்பு உண்டு. அவன் செய்தது, ஏற்கெனவே இருந்த வழக்கத்துக்கு ஒரு பெரிய அமைப்பைக் கொடுத்தது.

அந்த அமைப்பு எப்படி இருந்தது? பாடுவோர் 48 பேர். அவர்களுக்குப் பிடாரர் என்று பெயர். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக மொத்தம் 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். 50 பேருக்கு 150 குறுணி, அதாவது பன்னிரண்டரைக் கலம். (ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் இதைக் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைங்க ஆர்வமாகச் செய்வாங்க.) ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியாக வெட்டப்பட்டிருக்கிறது. அகோரசிவன், வாமசிவன், சதாசிவன் போன்ற தீட்சைப் பெயர்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டமாகப் பாடியவர்கள்தான், ஆனாலும் கல்லில் யாரும் பெயரில்லாமல் போகவில்லை.

அவர்கள் வேலையைக் கல்வெட்டு திருப்பதியம் ‘விண்ணப்பம் செய்தல்’ என்கிறது. பாடுவதை விண்ணப்பம் என்று சொல்லும்போது, கேட்பவர் யார் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நம் போட்டிகளில் கேட்பவர் நீதிபதி. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வரும் விதி. பாடுவோரில் ஒருவர் இறந்தாலோ, ஊரைவிட்டுப் போய்விட்டாலோ என்ன செய்வது? அவருக்கு அடுத்த உரிமையுள்ள உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பாட வைத்து நெல்லைப் பெறலாம். உறவினரே இல்லாமல் போனால், குழுவில் மீதமிருப்பவர்கள் தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆள் குறையும் என்று முதல் நாளே நினைத்து, அதற்கான வழியையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால், பெருமைப்படுவதோடு நிறுத்திவிட்டால் அது விமர்சனம் ஆகாது. இந்த விதியில் ஓட்டைகள் இருக்கின்றன. பாடத் தெரியாத வாரிசு வேறொருவரைப் பாட வைத்துவிட்டு நெல்லைத் தான் வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. உழைப்பு ஒருவருக்கு, உரிமை இன்னொருவருக்கு. தகுதி என்ற சொல் வருகிறதே தவிர, அதை எப்படி அளப்பது என்று அந்த விதி சொல்லவில்லை. உறவுமுறை முதலில், தகுதி அதற்குப் பிறகு. இந்தக் குழுவில் பெண்களும் இல்லை. அதே கோயிலின் வேறொரு கல்வெட்டில் 400 ஆடல் மகளிர் வருகிறார்கள், ஆனால் பதிகம் விண்ணப்பம் செய்யும் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. இன்று நம் குழுக்களில் முன்வரிசையில் நிற்பதே பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான். அந்த வகையில் நாம் ராஜராஜனைத் தாண்டி வந்துவிட்டோம்.

எதில் பின்தங்கி நிற்கிறோம்? அந்த ஒரு விதியில்தான். என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாகத் திருமுறைக் குழு நடத்தினேன். பத்துப் பிள்ளைகள், நல்ல குரல்கள். பஞ்சபுராணம் தேவாரத்தில் தொடங்கிப் பெரியபுராணம் வரை தடுமாறாமல் பாடுவார்கள். இரண்டு வருஷம் கோப்பை வாங்கினோம். மூன்றாம் வருஷம் பள்ளி திறந்தபோது குழுவே இல்லை. எட்டுப் பேர் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்த இருவருக்கும் எடுத்துப் பாடத் தெரியாது, பின்பாட்டு மட்டுமே தெரியும். தப்பு என்னுடையது. வெற்றி பெறும் குரல்களைத் தேடினேனே தவிர, அடுத்து வருபவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். உங்களில் பலரும் “ஆமா சார், எங்க பள்ளியிலும் இதே கதைதான்” என்று தலையாட்டுவீர்கள். போட்டி நல்லதுதான், போட்டி இல்லையென்றால் பல பிள்ளைகள் பதிகத்தின் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் போட்டி, இந்த வருஷத்துக்கான குழுவைத்தான் கேட்கிறது. குழு பத்து வருஷம் நிற்க வேண்டும் என்றால் அதற்கான விதியை நாம்தான் எழுத வேண்டும்.

கல்வெட்டின் ஓட்டைகளை அடைத்து, அதிலிருந்து மூன்று விதிகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒன்று, எடுத்துப் பாடும் ஒவ்வொரு ஆறாம் ஆண்டு மாணவருக்கும் நான்காம் ஆண்டிலிருந்து ஒரு துணை. வாரம் ஒருமுறை அந்தச் சின்னப்பிள்ளை எடுத்துப் பாட, பெரியவர் பின்பாட்டுப் பாடட்டும். இரண்டு, அடுத்த தலைமைக் குரலைக் குழுவே தேர்ந்தெடுக்கட்டும். பண், உச்சரிப்பு, பொருள் ஆகிய மூன்றையும் எப்படிப் பார்க்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்று, ஒரு பெயர்ப் பதிவேடு. வருஷாவருஷம் பாடியவர்கள் எல்லாருடைய பெயரும் அதில் ஏற வேண்டும், பரிசு வாங்காத வருஷத்திலும். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை ஒரு விழாவுக்குத் திரும்பி வரும்போது தன் பெயரைத் தேடிப் பார்க்கும்.

இப்போது என் குழுவில் ஏழு பேர். இன்னும் கோப்பை எதுவும் வாங்கவில்லை. நான்காம் ஆண்டு மாணவர் இருவர் எடுத்துப் பாடுகிறார்கள். அடுத்த ஜனவரியைப் பற்றி எனக்குப் பயமில்லை.