வெயிலில் எரியும் ஃபிளாஷ்

கல்யாணப் படக்காரருக்கு வெளிச்சம் பார்த்து நேரம் குறிக்கும் உரிமை இல்லை. முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிடும். பந்தியும் சடங்குகளும் முடிந்து ஜோடி அவுட்டோர் ஷூட்டுக்கு வரும்போது வெயில் உச்சியில் நிற்கும். கண்குழிகளில் கருநிழல் விழும், நெற்றி பளபளக்கும், சரிகை வெளுத்துப்போகும். ஸ்டாண்டில் தள்ளி நிறுத்திய ஃபிளாஷை ரேடியோ ட்ரிக்கரால் எரியவைப்பது இந்த வேளையில் ஆடம்பரம் அல்ல, தொழிலின் தேவை.

முன்பு ஒரு ஃபிளாஷின் மின்னலைப் பார்த்து இன்னொன்று எரியும் முறையே பரவலாக இருந்தது. வெயிலிலும் தூண் மறைவிலும் அது கைவிட்டுவிடும். ரேடியோ வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2012-ல் கேனான் தன் 600இஎக்ஸ்-ஆர்டி ஃபிளாஷுக்குள்ளேயே ரேடியோவை வைத்தது. கோடாக்ஸ் போன்ற சீன நிறுவனங்கள் அதைச் சிறிய ஸ்டுடியோக்களுக்கும் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவந்தன.

இதன் உண்மையான பலம், ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்களைத் தனித்தனியாக ஆள முடிவதுதான். ஃபிளாஷ் எரிவது கணநேரம். அதனால் 1/200 விநாடி வரை ஷட்டரைக் கூட்டினால் வானம் மட்டுமே இருளும், முகத்தில் விழும் ஃபிளாஷ் மாறாது. அதற்கு மேல் போக ஹை ஸ்பீட் சிங்க் வேண்டும். வெயிலையே வெல்லும் வழி இது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. அந்த முறையில் ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடிப்பதால் அதன் வலு பெரிதும் குறைகிறது. மேலும் ஷட்டரைக் கூட்டக் கூட்ட வானத்தோடு ஃபிளாஷும் சேர்ந்தே குறையும். எஃப்/2.8-ல் பின்னணியை மங்கலாக்கலாம் என்பதே அதன் ஆதாயம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் எஃப்/11 வைக்க வேண்டியிருக்கும். சாஃப்ட்பாக்ஸுக்குள் வைத்த சிறிய ஃபிளாஷ் அந்த வெயிலுக்கு ஈடுகொடுக்கத் திணறும். 600 வாட்-செகண்ட் ஸ்ட்ரோப் தாங்கும், ஆனால் அதைச் சுமக்க ஆள் வேண்டும். கடற்காற்றில் சாஃப்ட்பாக்ஸ் படகுப் பாய்போல் இழுக்கும், ஸ்டாண்டைப் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். இந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுவது அந்த உதவியாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தூரமும் கவனிக்க வேண்டியது. விளக்கிலிருந்து மணமகள் 1 மீட்டரிலும் மணமகன் 1.5 மீட்டரிலும் நின்றால், அவருக்குக் கிடைப்பது அவளுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. தானியங்கி டிடிஎல் அளவீடு வெள்ளை வேட்டியைக் கண்டு ஒரு படத்தில் குறைக்கும், அடுத்ததில் கூட்டும். ஜோடி ஓரிடத்தில் நிற்கும்வரை மேனுவலே நம்பகமானது.

இவையெல்லாம் பழகினால் சரியாகிவிடும். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. வானத்தைக் கறுக்கவைத்து ஜோடியை மட்டும் ஒளிரவைக்கும் பாணி எங்கும் ஒரே மாதிரிப் படத்தைத் தருகிறது. மாமல்லபுரத்துப் பாறையும் புதுச்சேரித் தெருவும் அதில் வெறும் திரையாகிவிடுகின்றன. அவ்வளவு தூரம் போனதே அந்த இடத்து வெளிச்சத்துக்காகத்தான். கல்மண்டபத்தின் அகல்விளக்கு வெளிச்சத்தில் வெறும் ஃபிளாஷைப் போட்டால் சுடரின் மஞ்சள் அழிந்து முகம் நீலமாய்த் தனித்து நிற்கும். ஆரஞ்சு ஜெல்லை மாட்டி வலுவைக் குறைத்தால் சமாளிக்கலாம். அந்தச் சிறு சிரமத்தைப் பலர் எடுப்பதில்லை.

அதைவிட வருத்தமானது, மாநிற முகத்தை ஃபிளாஷைக் கூட்டி வெளுக்கவைக்கும் பழக்கம். கறுத்த தோலில் ஒளி படும் இடமும் விலகும் இடமும்தான் முகத்துக்கு வடிவம் தருகின்றன. பக்கவாட்டில் தள்ளி வைத்த விளக்கு அந்த வடிவத்தை எடுத்துக்காட்டவே பிறந்தது. அதையே சிவப்பழகுப் பூச்சாக மாற்றினால் கருவியின் பயனையே கெடுத்ததாகும்.

படக்கார நண்பர்களே, ஸ்டாண்டை விரிக்கும் முன் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதில் குறைவது எதுவோ அதற்கு மட்டும் விளக்கைப் போடுங்கள்.